மூன்றாம் எண் பிளேட்

ஜூன் 3, 2019, திங்கள்

தண்ணீர் லாரி இன்று குவார்ட்டர்ஸுக்குக் காலை ஆறு மணிக்கே வந்துவிட்டது. பூங்கொடி வரிசையில் நின்றாள், நான் குடம் தூக்கினேன். ஏழு குடம். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் எங்கள் இருவருக்கும் இடையே இவ்வளவு ஒழுங்கான வேலைப் பிரிவினை இருந்ததே இல்லை.

அணு உலை மூன்று வார ஓய்வுக்குப் பிறகு இன்று ஓடத் தொடங்கியது. நியூட்ரான் கற்றை நேராக வருகிறதா என்று பார்க்க, வழக்கம்போல காட்மியத் தகடு ஒன்றைப் படம் பதியும் பிளேட்டின் முன்னால் வைத்தேன். காட்மியம் நியூட்ரானை விடாது. அதில் வெட்டியிருக்கும் சின்னக் கீறல் வழியாக மட்டும் போகும். மூன்றாம் எண் பிளேட். ஒரு சென்டிமீட்டர் நீளத்தில், நூல் பருமனில் அழகான கோடு விழுந்தது. கற்றை சரியாக இருக்கிறது. நாளை பன்னிரண்டு குழல்கள் வருகின்றன.

ஜூன் 4, செவ்வாய்

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில், "நீங்க நியூட்ரானைப் போட்டோ புடிக்கிறீங்களாமே?" என்று ஒருவர் கேட்டார். சாம்பார் வாளி குறுக்கே வந்ததால் பதில் பாதியில் நின்றுவிட்டது. இங்கேயாவது ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

நியூட்ரானுக்கு மின்னூட்டம் கிடையாது. எதன் வழியாகப் போனாலும் சுவடு விடாமல் போகும். அதைப் பிடிக்க காடோலினியம் என்ற உலோகத்தின் துகளை பிளேட்டில் கலந்திருக்கிறார்கள். காடோலினியம் நியூட்ரானை விழுங்கிவிட்டு எலெக்ட்ரானைத் துப்பும். அந்த எலெக்ட்ரான் பக்கத்தில் இருக்கும் பாஸ்பர் என்ற ஒளிர்பொருளின் துகளில் தன் சக்தியைப் போட்டுவிட்டுப் போகும். சக்தி அங்கேயே அடைபட்டுக் கிடக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, வெறும் வெள்ளை அட்டை. பிறகு இருட்டில் சிவப்பு லேசரை வரிவரியாக ஓட்டினால், அடைபட்டிருந்தது நீல ஒளியாக வெளியே வரும். எங்கே எவ்வளவு நீலம் வந்தது என்று கருவி எண்ணிக்கொண்டு படம் போடும். ஒரே பிளேட்டை ஆயிரம் தடவை பயன்படுத்தலாம்.

ஒன்றுதான் கவனம். லேசர் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடாது. மிச்சம் இருக்கும். அடுத்த படத்துக்கு முன் வெள்ளை விளக்குப் பெட்டியில் இருபது நிமிடம் வைத்து அழிக்க வேண்டும். எங்கள் பதிவேட்டில் 'அழிக்கப்பட்டது' என்று ஒரு கட்டம் உண்டு. காலையில் வந்ததும் அன்றைய பிளேட்டுகள் எல்லாவற்றுக்கும் அதில் டிக் போட்டுவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவேன். இருட்டறையில் பேனாவைத் தேடித் துழாவ முடியாது. ஆறு வருடமாக இப்படித்தான்.

குழல்கள் பத்து மணிக்கு வந்தன. விண்கலத்தில் மடித்துக் கட்டிய சூரியத் தகடுகளின் கட்டை உரிய நேரத்தில் வெட்டி விடுவிக்கும் எஃகுக் குழல்கள், விரல் அளவு. உள்ளே கொஞ்சம் வெடிப்பொடி அழுத்தியிருக்கும். எக்ஸ்ரேக்கு எஃகுதான் தெரியும், பொடி தெரியாது. நியூட்ரான் எஃகைத் தாண்டிப் போய் பொடியில் தடுக்கும். பொடி முழுதாக இருக்கிறதா என்று எங்களால்தான் சொல்ல முடியும்.

அதற்கு முன், ஒன்பதரைக்கே பூங்கொடி போன் செய்தாள். மேல்தொட்டி வால்வு உடைந்து, தூக்கிய தண்ணீரெல்லாம் மாடியில் ஓடுகிறதாம். பிளம்பரைப் பிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. அதற்குள் கட்டுப்பாட்டு அறையிலிருந்து கற்றை தயார் என்று கூப்பிட்டார்கள். மூன்றாம் எண் பிளேட்டை உறையில் போட்டுக்கொண்டு ஓடினேன். எல்லாம் முறைப்படி நடந்தது.

பதினொன்றில் குறை இல்லை. ஏழாம் எண் குழலில், பொடியின் நடுவே குறுக்காக ஒரு கறுப்புக் கோடு. பொடி பிளந்திருக்கிறது. விண்ணில் போய் வெடிக்காமல் விட்டிருந்தால் தகடு விரிந்தே இருக்காது.

ஜூன் 5, புதன்

அறிக்கை கொடுத்தேன். பிரிவுத் தலைவர் வசுமதி மேடம், "இவ்ளோ மெல்லிசு கோட்டைப் புடிச்சிருக்கீங்களே நீலமேகம்" என்றார். அவர் பாராட்டுவது லீப் வருடம் மாதிரி. வீட்டுக்கு வரும்போது அல்வா வாங்கிக்கொண்டு வந்தேன். பூங்கொடி, "தண்ணிக்கே வழியில்ல, அல்வா சாப்புட்டா தாகம் எடுக்கும்" என்றாள். ஆனாலும் சாப்பிட்டாள்.

ஜூன் 7, வெள்ளி

ஒன்று பழுது என்றால் ஒரே நாளில் நிரப்பிய பன்னிரண்டையும் எரிக்க வேண்டும், அதுதான் விதி. நிரப்பியவர் சகாயமேரியாம். வளாகத்தின் வடக்குக் கோடியில் இருக்கும் நிரப்புக்கூடத்தில் இருபத்தொரு வருடமாகப் பொடி நிரப்புபவர். எங்கள் குவார்ட்டர்ஸ் சி பிளாக்தான். லாரி வரிசையில் பார்த்திருக்கிறேன். ஐம்பத்தைந்து வயது, அதிகம் பேசமாட்டார். இத்தனை வருடத்தில் ஒரு பழுது கூட வந்ததில்லை என்று நிரப்புக்கூடத்தில் வருத்தப்பட்டார்கள். எல்லாருக்கும் ஒரு நாள் சறுக்கும்.

ஜூன் 10, திங்கள்

சகாயமேரியை நிரப்பும் மேசையிலிருந்து எடுத்துப் பொடித் தட்டு கழுவும் பக்கம் போட்டிருக்கிறார்கள். விசாரணை முடியும்வரை என்று பேச்சு.

லாரி இன்று வரவே இல்லை.

ஜூன் 12, புதன்

மதியம் சகாயமேரி அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு எங்கள் ஆய்வகத்துக்கே வந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து நின்றார்.

"சார், அந்தப் படத்த ஒரு தடவ நான் பாக்கலாமா?"

கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இதான் அந்தக் கோடா? ரொம்ப நேரா இருக்குதே சார். அழுத்துன பொடி இப்பிடி வெடிக்காது. ஓரத்துலேருந்து கோணலா வரும். இது ஸ்கேலு வெச்சுக் கோடு போட்ட மாரி இருக்குது."

"படம் பொய் சொல்லாதும்மா" என்றேன்.

"பொய்னு சொல்லல சார். எனக்குத் தெரிஞ்சதச் சொன்னேன். இன்னொரு தடவ எடுத்துப் பாக்க முடியுமா? குழலு இன்னும் ஸ்டோர்லதான் இருக்குது. சனிக்கெழமதான் எரிக்கிறாங்க."

உலை நேரம் இந்த வாரம் முழுக்க வேறு வேலைக்கு ஒதுக்கியாகிவிட்டது என்றேன். அது உண்மைதான். நாளை மதியம் இரண்டு மணி நேரம் மட்டும் காலி. பொடியை நிரப்புபவர் வந்து படத்தைப் பற்றிப் பாடம் சொன்னால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அவர் போன பிறகு நான் எரிச்சலாக இருந்ததை இதில் மறைக்க வேண்டியதில்லை.

ஜூன் 13, வியாழன்

வெயில். தலைவலி. மதியம் கற்றை இரண்டு மணி நேரம் சும்மா இருந்தது.

ஜூன் 14, வெள்ளி

மேல்தொட்டியைக் கழுவினேன். புது வால்வும் ஒழுகுகிறது. ஆபீஸில் மாலை சில பழைய படங்களைத் திறந்து பார்த்தேன். குறிப்பிட ஒன்றுமில்லை.

ஜூன் 15, சனி

காலை பத்து மணிக்குப் பன்னிரண்டு குழல்களையும் எரித்துவிட்டார்கள். எனக்கு விடுமுறை. மீன் வாங்கப் போனேன். வஞ்சிரம் சுமார்தான்.

ஜூன் 18, செவ்வாய்

சாயங்காலம் சகாயமேரி வீட்டுக்கு வந்தார். கையில் வெள்ளைத்தாள். விளக்கக் கடிதம் எழுதித் தரவேண்டுமாம். தமிழில் எழுதலாம் என்று சொல்லியிருக்கிறார்கள், ஆனாலும் ஆபீஸ் தமிழ் அவருக்கு வராதாம்.

"நீங்கதான் படம் எடுத்தவரு. ஒங்களுக்குத்தான் சரியா எழுத வரும்னு தோணுச்சு சார்."

பூங்கொடி காபி போட உள்ளே போனாள். நான் எழுதினேன். 'மேற்படி தேதியில் என் கவனக்குறைவால் ஏழாம் எண் குழலில் பொடி சரியாக அழுத்தப்படவில்லை என்பதைத் தாழ்மையுடன் ஒப்புக்கொள்கிறேன்.' படித்துக் காட்டினேன்.

"கவனக்கொறவுன்னு போடணுமா சார்?"

"ஒத்துக்கிட்டா சீக்கிரம் முடிஞ்சிடும்மா. இழுத்தா இழுத்துக்கிட்டே போகும்."

தாளைத் தன் பக்கம் இழுத்தார். "அப்பப் போடுங்க. படத்துலயே தெரியுது, நான் என்ன சொல்றது. கண்ணாடி மாத்தி ரெண்டு வருசம் ஆச்சு. ஒருவேள எங்கண்ணுதான் ஏமாத்திருச்சோ என்னவோ. அன்னிக்கி அழுத்தும்போது கை நடுங்குச்சான்னு ரெண்டு நாளா நெனச்சு நெனச்சுப் பாக்குறேன். நடுங்குனாப்லயும் இருக்குது."

கையெழுத்துப் போட்டார். காபியைக் குடித்துவிட்டு, "வேற யாரு சார் இவ்ளோ பொறுமையா எழுதித் தருவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஜூன் 19, புதன்

எழுத வேண்டியதை எழுதத் தெம்பில்லை.

ஜூன் 22, சனி

எழுதித்தான் ஆக வேண்டும்.

ஜூன் 14 அன்று 'குறிப்பிட ஒன்றுமில்லை' என்று எழுதியது பொய். அன்று மாலை நான் ஜூன் 3ஆம் தேதிப் படத்தையும் ஜூன் 4ஆம் தேதிப் படத்தையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். காட்மியத் தகட்டின் கீறல், ஏழாம் எண் குழலின் கோட்டின் மேல் போய் அப்படியே உட்கார்ந்தது. அதே நீளம், அதே பருமன், அதே சாய்வு. சகாயமேரி சொன்ன மாதிரி ஸ்கேல் வைத்துப் போட்ட கோடுதான் அது. போட்டவன் நான். முந்தின நாள் படம் பிளேட்டில் மிச்சம் இருந்திருக்கிறது. மற்ற இடங்களைக் காட்மியம் மறைத்திருந்ததால் அந்த ஒரு கோடு மட்டும் தங்கிவிட்டது.

ஜூன் 4 அன்று 'எல்லாம் முறைப்படி நடந்தது' என்று எழுதினேனே, அதுவும் பொய். வால்வு பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன், கற்றைக்குக் கூப்பிட்டார்கள், பதிவேட்டைப் பார்த்தேன், டிக் இருந்தது, பிளேட்டை எடுத்துக்கொண்டு போனேன். நான் போட்ட டிக்கை நானே நம்பினேன். விளக்குப் பெட்டிக்குள் அதை வைக்கவே இல்லை.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. 14ஆம் தேதி மாலை ஐந்து மணிக்கு எனக்குத் தெரிந்துவிட்டது. குழல்களை எரித்தது 15ஆம் தேதி காலை பத்து மணிக்கு. நடுவே பதினேழு மணி நேரம். ஒரு போன் செய்திருந்தால் ஏழாம் எண் குழலை எடுத்து வைத்திருப்பார்கள், இன்னொரு படம் எடுத்திருக்கலாம், அந்தம்மாவின் வேலை அப்படியே இருந்திருக்கும். எரிந்துபோனால் நல்லது என்று நினைத்தேன். அதனால்தான் போன் செய்யவில்லை.

அப்புறம் அந்தக் கடிதம். என் தப்புக்கு மன்னிப்பு கேட்டு, என் கையாலேயே எழுதி, அவரைக் கையெழுத்துப் போட வைத்தேன். வீட்டில் உட்கார வைத்து, காபி கொடுத்து. 'கவனக்குறைவு' என்று எழுதும்போது என் கை கொஞ்சமும் தயங்கவில்லை. வெட்கமாக இருக்கிறது. இந்தப் பக்கத்தைப் பார்க்கவே கூசுகிறது.

ஜூன் 24, திங்கள்

தீர்ப்பு வந்துவிட்டது. ஓய்வு பெறும்வரை தட்டு கழுவும் பக்கம்தான். இன்னும் ஐந்து வருடம் இருக்கிறது. நிரப்புக்கூடத்துக்குள் அவர் போகக்கூடாது.

பூங்கொடியிடம் சொன்னேன். முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் முடிக்கும்வரை நிமிரவில்லை.

"காலைல லாரி வரிசைல அந்தம்மா எனக்குப் பின்னாடி நின்னாங்க. 'ஒங்க வீட்டுக்காரரு நல்ல மனுசன்'னாங்க. நானும் ஆமான்னுட்டு வந்தேன்" என்றாள். பிறகு, "நாளைக்கி நான் தண்ணிக்குப் போகமாட்டேன். நீங்க போய் நில்லுங்க" என்றாள்.

ஜூன் 25, செவ்வாய்

வரிசையில் நின்றேன். எனக்கு நாலு பேர் முன்னால் சகாயமேரி. என்னைப் பார்த்துச் சிரித்தார். "வீட்டுல மேடத்துக்கு ஒடம்பு சரியில்லயா சார்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஐந்து குடத்தோடு வந்துவிட்டேன்.

ஜூன் 26, புதன்

வசுமதி மேடத்திடம் போய் இரண்டு படங்களையும் காட்டினேன். அவர் மவுஸை வாங்கித் தானே ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தார், எடுத்தார், மறுபடி வைத்தார்.

"அழிக்காம எடுத்துட்டீங்களா? டிக் இருக்கே."

முன்னாலேயே டிக் போடும் பழக்கத்தைச் சொன்னேன்.

"எத்தனை வருஷமா?"

"ஆறு வருஷமா மேடம்."

கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். "அப்ப ஆறு வருஷத்துல நம்ம குடுத்த ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் கேள்வி கேப்பாங்க. அது புரியுதா ஒங்களுக்கு?"

புரிகிறது என்றேன்.

"எழுதிக் குடுங்க. வாயால சொன்னா நான் கேட்டதாவே எடுத்துக்க மாட்டேன். எழுத மாட்டீங்கன்னா இப்பவே சொல்லிடுங்க, நானும் இதப் பாக்கலன்னு இருந்துக்கறேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் இரண்டு நாளாவது உள்ளுக்குள் வைத்துச் சப்பிக்கொண்டிருப்பேன் என்று அப்போதே தெரிந்தது.

ஜூன் 29, சனி

இரண்டு இல்லை, மூன்று நாள் ஆகிவிட்டது. எழுதுகிறேன், கிழிக்கிறேன். 'கற்றை நேரத்தின் நெருக்கடியால்' என்று ஒரு தடவை. 'எதிர்பாராத சூழ்நிலையில்' என்று ஒரு தடவை. இன்னொருத்தர் பெயரில் எழுதியபோது ஐந்து நிமிடத்தில் வந்த வார்த்தை என் பெயரில் வர மறுக்கிறது. பூங்கொடி இன்னும் வரிசைக்குப் போகவில்லை. சோற்றை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுகிறாள்.

ஜூலை 1, திங்கள்

கொடுத்துவிட்டேன். ஒரு பக்கம். 14ஆம் தேதி தெரிந்தும் சொல்லாததையும் எழுதியிருக்கிறேன். மேடம் அந்த வரியைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். சீல் வைத்து மேலே அனுப்பினார்.

ஜூலை 2, செவ்வாய்

ஆபீஸ் வழியாகத் தெரிவதற்கு முன் நானே சொல்ல வேண்டும் என்று சி பிளாக் போனேன். சகாயமேரி வாசலில் உட்கார்ந்து கோதுமை புடைத்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். பிளேட், மிச்சம், டிக், கோடு, எல்லாம். அவருக்குப் புரியாமல் இருக்க வழியில்லை. முதலில் சொன்னவரே அவர்தான்.

முறத்தைக் கீழே வைத்தார். "அப்ப பொடி சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சும்மா."

"எரிக்கிறதுக்கு முன்னாடியே ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"கடுதாசி எழுதும்போது?"

"தெரியும்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ லேசாக இருந்திருக்கும். மன்னித்துவிடுங்கள் என்றேன். மடியில் இருந்த தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கோடு நேரா இருக்குதுன்னு நான்தான சார் சொன்னேன்" என்றார் கடைசியில். "சொல்லிட்டு, நானே அத வுட்டுட்டேன்."

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை. நான்தான் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

ஜூலை 4, வியாழன்

பூங்கொடி இன்று தண்ணீருக்குப் போனாள்.

ஜூலை 15, திங்கள்

இரண்டு உத்தரவுகளும் ஒரே நாளில் வந்தன. சகாயமேரி மேல் குற்றம் இல்லை, நிரப்பும் மேசைக்கே திரும்பலாம். அவர் கையெழுத்துப் போட்ட கடிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். எனக்கு ஆய்வகம் இல்லை. ஆறு வருட அறிக்கைகளையும் மூன்று பேர் உட்கார்ந்து சரிபார்க்கிறார்கள். நான் நாளை முதல் ஸ்டோரில் கையுறை, மாஸ்க், சோப்பு விநியோகம். சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு இருட்டறையிலிருந்து வெளியே வந்தபோது வெயிலில் கண் கூசியது. ஆனால் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கினாற்போல இருந்தது. ஒருவழியாகச் சரிசெய்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன். இதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஜூலை 18, வியாழன்

மூன்று மணி இருக்கும். ஸ்டோர் ஜன்னலில் சகாயமேரி வந்து நின்றார். இருவருமே ஒருவரையொருவர் எதிர்பார்க்கவில்லை.

"ரப்பர் கையுறை ஒரு ஜோடி வேணும் சார்."

நிரப்புபவர்களுக்கு மெல்லிய பருத்திக் கையுறைதான். தடித்த ரப்பர் கையுறை கழுவும் பக்கத்துக்கு. தவறிக் கேட்கிறார் என்று நினைத்து, "நிரப்புக்கூடத்துக்குப் பருத்தி தானம்மா?" என்றேன்.

"கழுவுற பக்கத்துக்குத்தான் சார். நானே எழுதிக் குடுத்துட்டேன்."

ஏன் என்று கேட்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது? அவரே சொன்னார்.

"செவ்வாக்கெழம போய் மேசைல ஒக்காந்தேன். மொதக் குழலுக்குப் பொடி அளந்தேன். அளந்தது சரியான்னு மறுபடி அளந்தேன். அப்பறம் மறுபடி. மத்தியானம் வரைக்கும் ஒரு குழலு முடியல. பக்கத்துல இருக்கற பொண்ணு ஏழு முடிச்சிருச்சு." குரல் தணிந்தே இருந்தது. "நீங்க சொன்னத நம்புறேன் சார், எந்தத் தப்பும் இல்லன்னு. கைதான் நம்ப மாட்டேங்குது."

இருபத்தொரு வருடம் ஒரு தடவைகூடத் தன்னைச் சந்தேகிக்காத கை அது. பழைய படத்தை பிளேட்டிலிருந்து எடுக்க இருபது நிமிடம் போதும். அவருக்குள் நான் போட்டதை எடுக்க என்னிடம் எந்தப் பெட்டியும் இல்லை. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நிற்க அவ்வளவு அவமானமாக இருந்தது.

அலமாரியில் தேடினேன். சின்ன அளவு தீர்ந்துவிட்டது, நடுத்தரம்தான் இருந்தது. அவர் கைக்குப் பெரிது. எடுத்துக் கொடுத்தேன்.

"பரவால்ல சார், தண்ணி வேலைக்குத்தான" என்று வாங்கிக்கொண்டு போனார்.